கொடுக்காமல் வைத்திருப்பது

"பிள்ளைக்குச் சொந்த மொழியைக்கூடச் சொல்லித் தரவில்லையே!" அயல்நாட்டில் குடியேறிய ஒரு தாயைப் பார்த்து இப்படிச் சொல்லத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அதன்பின் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்சுகள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். கணவனிடம் தாய்மொழியான தகாலோகிலோ இலோகானோவிலோ பேசிய பெண், பிள்ளையிடம் திரும்பியதும் ஆங்கிலத்துக்கு மாறினாள். இப்படிப் பல வீடுகள். தன் உச்சரிப்பைக் கேட்டு மற்றவர்கள் சிரித்ததை அவள் தாங்கிக்கொண்டாள். பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்க அவளால் முடியாது.

அவள் மறக்கவில்லை. பிள்ளைக்காக விட்டாள்.

மற்றவையும் ஒவ்வொன்றாக நழுவின. ஊரில் பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். அமெரிக்காவில் ஒற்றிக்கொள்ளத் தாத்தா இல்லை. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் தேவாலயத்துக்குப் போவார்கள். அமெரிக்காவிலோ அந்த நேரத்தில் அவளுக்கு வார்டில் வேலை. புளி போட்டுக் கொதிக்கும் சினிகாங் சூப் மட்டும் அடுப்பைவிட்டு இறங்கவில்லை. புளிப்பின் அருமை நமக்கும் தெரியும்.

ஊருக்குப் பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினாள். சோப்பு, சாக்லெட், டின் இறைச்சி, தங்கை பிள்ளைகளுக்குச் செருப்பு. மூலைமுடுக்கெல்லாம் அடைத்து அனுப்பினாள். அந்தப் பெட்டிகள் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தன. ஒரே வீட்டில் இருந்த பிள்ளைக்குச் சேர வேண்டியது மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.

பிள்ளை வளர்கிறான். ஒருநாள் மணிலாவில் பாட்டி எதிரே உட்காருகிறான். பாட்டி பேசுவது அவனுக்குப் புரியவில்லை. பெற்றவளுக்கும் பெற்ற பிள்ளைக்கும் நடுவே துபாஷியாக உட்காருகிறாளே, அவளுக்கு அந்த நேரம் எவ்வளவு வலித்திருக்கும்! "எனக்கு ஏன் சொல்லித் தரவில்லை?" என்று அவன் கேட்பது நியாயம்தான். அவள் செய்ததும் அன்பினால்தான். இரண்டும் உண்மை.

அன்பினால் விட்டதை அன்பினால் திரும்பக் கேட்கலாம். நீங்கள் அப்படிப்பட்ட பிள்ளையானால், "ஏன் தரவில்லை?" என்பதை இன்று ஒருநாள் தள்ளிவையுங்கள். "உங்கள் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேளுங்கள். நீங்கள் அந்தத் தாயோ தகப்பனோ ஆனால், கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்று இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் மொழியிலேயே பேசத் தொடங்குங்கள்.