தன் வெப்பம் கழித்தல்

நம் உடல் ஓயாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவது கடினம். ஆயினும் உண்மை அதுவே. வெப்பமுள்ள பொருள் எதுவும் கதிர் வீசும். நம் உடலும், நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரும், தலைக்கு மேலுள்ள காற்றும் சுமார் 10 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக வீசுகின்றன. கண்ணுக்கு அது புலப்படுவதில்லை, அவ்வளவே.

விண்மீன்களைச் சூழ்ந்துள்ள தூசும் இக்கதிரையே வீசுகிறது. அதனை ஆராய்வோரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. தொலைநோக்கியும் ஒளிர்கிறது, அதன் ஆடியும் ஒளிர்கிறது, வானமும் ஒளிர்கிறது. எரியும் விளக்குகளின் நடுவே மின்மினியைத் தேடுவது போன்ற வேலை.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்டு நெய் (1920–1996) இவ்வேலையை நடுவயதில் மேற்கொண்டார். 1948இல் பலூன்களை உயரே அனுப்பி, அண்டக்கதிர்களில் கனமான அணுக்கருக்களும் உண்டெனக் கண்டறிந்த குழுவில் அவர் ஒருவர். பெயர் ஈட்டித் தந்த துறையை விட்டுத் தூசுக்கு வருவது எளிய முடிவன்று. 1967இல் ஓ'பிரையன் ஆய்வகத்தில் 30 அங்குலத் தொலைநோக்கி அமைந்தது. 1969இல் அவரும் நிக் வுல்ஃப் என்பவரும், குளிர்ந்த விண்மீன்கள் சிலவற்றைச் சூழ்ந்திருப்பது சிலிக்கேட் தூசு என்று எழுதினர். நம் காலடியிலுள்ள பாறையின் இனம்!

அவர்கள் கையாண்ட முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. உணர்கருவியைத் திரவ ஹீலியத்தால் சுமார் −269 பாகை செல்சியசுக்குக் குளிர்விப்பர். தொலைநோக்கியையும் வானத்தையும் அவ்வாறு குளிர்விக்க இயலாது. ஆகவே விண்மீனையும் அதனருகிலுள்ள வெற்று வானத்தையும் நொடிக்குப் பலமுறை மாறி மாறி நோக்கி, இரண்டாவதை முதலாவதிலிருந்து கழிப்பர். தன் வெப்பத்தை ஒழிக்க முடியாதவன் அதை அளந்து கழிக்கிறான். எஞ்சுவது விண்மீனுடையது.

மங்கிக் கிடந்த விண்மீன் திடீரென வெடித்துப் பிரகாசிப்பதை நோவா என்பர். 1970இல் சர்ப்ப மண்டலத்தில் தோன்றிய நோவாவின் ஒளி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வேகமாகச் சரிந்தது. கண்ணை மட்டும் நம்பியவர், அது தீர்ந்தது என்று குறித்திருப்பார். அகச்சிவப்பில் நோக்கியவர்களோ அது ஏறுவதைக் கண்டனர். வெளியே வீசப்பட்ட வாயு குளிர்ந்து தூசாகி, ஒளியை விழுங்கி, வெப்பமாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. மொத்த ஆற்றல் அவ்வளவாகக் குறையவில்லை. 1976இல் நரி மண்டலத்தில் எழுந்த நோவாவில் இவ்வாறு தூசு உறைவதை நெய்யும் பின்தொடர்ந்து அளந்தார்.

மனிதரையும் நாம் நாள்தோறும் அளக்கிறோம். முன்வரிசையில் நின்று பாடியவர் பின்வரிசைக்குப் போய்விட்டால், பக்தி குன்றிவிட்டது என்கிறோம். பாகப்பிரிவினைக்குப் பின் தம்பியின் ஒவ்வொரு சொல்லிலும் வஞ்சம் காண்கிறோம். அதில் அவனுடையது எவ்வளவு, நம்முடையது எவ்வளவு? வானியலாருக்கு வெற்று வானம் அருகிலேயே இருக்கிறது. நமக்கு அது எங்கே? எதிரே எவரும் இல்லாத இரவு வேளையிலும் நம்முள் கனன்றுகொண்டிருக்கும் எரிச்சலை அளப்பதே அதுவாகலாம். நம் ஆன்ம சோதனை பெரும்பாலும் செய்த பிழைகளைக் கணக்கெடுப்பதோடு நின்றுவிடுகிறது. எவர்மீதும் சாராத இந்தச் சூட்டை நாம் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

ஆனால் எல்லா வெப்பத்தையும் கழித்துவிடத்தான் வேண்டுமா? இங்கே நாம் தயங்குகிறோம். கெட்டழிந்தான் என்று ஊரார் கைவிட்ட மகனைத் தாய் இன்னும் நோக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் காண்பதில் பாதி அவளுடைய பாசமாகவே இருக்கலாம். நீதிமன்றம் அவள் சாட்சியை எச்சரிக்கையோடுதான் எடைபோடும், அப்படித்தான் எடைபோடவும் வேண்டும். எனினும் அந்தப் பாசம் இல்லாத ஊரார் எவரும் அவன் இருக்கும் திசையில் திரும்பவேயில்லை. அவளிடம் எதைக் கழிக்கச் சொல்வது?