கொல்லாமை போதுமா?

கொல்லாமையை அறங்களுள் தலையாயதாகக் கொண்ட மரபு நம்முடையது. அம்மரபிலே கொலைக்கு ஒரு கை உண்டு. கையை ஏவும் மனமும் உண்டு. ஏவும் மனம் எதுவுமின்றி ஓருயிர் அழியுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது?

ரெட் நொட் எனப்படும் உள்ளான் இனப் பறவையின் ஒரு பிரிவு தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் வடமுனைப் பகுதிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர் பறந்து செல்கின்றது. வழியிலே, மே மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் டெலவெயர் குடாக் கரையில் இறங்குகின்றது. அப்போது அதன் உடற்கொழுப்புப் பெரும்பாலும் கரைந்திருக்கும். நெடும்பயணத்துக்காக இரைப்பையும் சுருங்கியிருப்பதால் வன்மையான இரையை அரைக்க இயலாது. குதிரைலாட நண்டுகள் மணலில் இடும் மென்மையான முட்டைகளே அதற்கு ஏற்ற உணவு. 130 கிராமுக்கும் குறைந்து வந்த உடல் இரண்டு வாரமளவில் 180 கிராமை எட்டவேண்டும். வடமுனையில் பனி உருகி இரை தோன்றும்வரை உயிரைத் தாங்குவதும் இச்சேமிப்பே. அதனை எட்டாது புறப்பட்டவை பின்னர் மீளக் காணப்படுவது குறைவு என ஆய்வாளர் கண்டுள்ளனர்.

நண்டு கரையேறும் காலத்தைக் கடல்நீரின் வெப்பமும் வற்றுப்பெருக்கும் தீர்மானிக்கின்றன. பறவையோ தொலைதூரத்திலிருந்து, பெரிதும் பகற்பொழுதின் நீளத்தை நம்பிப் புறப்படுகின்றது. காலநிலை மாறும்போது நீரின் வெப்பம் மாறும்; பகலின் நீளம் மாறாது. இதனால் விருந்தினர் வரும் நாளும் விருந்து நாளும் விலகக்கூடும். உயரும் கடலும் புயலும் முட்டையிடும் மணலையே அரித்துச் செல்கின்றன.

இக்கதையில் கண்ணுக்குத் தெரிந்த கை ஒன்றும் இருந்தது. 1990களில் மீன்பிடி இரைக்காக நண்டுகள் பெருந்தொகையாக வாரப்பட்டன. அக்கையை அடையாளங் காண முடிந்தமையால் நியூ ஜேர்சி மாநிலம் 2008இல் அதனைத் தடுத்தது. வெப்பத்துக்கு அத்தகைய கை எது? கோடிக்கணக்கானோரின் வண்டிகளும் ஆலைகளும் மின்விளக்குகளும், தனித்தனியே நோக்குமிடத்து, எவரையும் கொல்ல எண்ணியவை அல்ல.

எண்ணமில்லாவிடத்துக் குற்றமில்லை என்பர். அறியாதிருந்த தலைமுறைக்கு அவ்வாதம் பொருந்தும். 2014இல் இப்பறவை அமெரிக்கச் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டபோது, காலநிலை மாற்றமும் காரணங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. விளைவை அறிந்த பின்னரும் தொடரும் செயலை அறியாச் செயலெனக் கூறல் இயலாது. பங்கின் சிறுமை பொறுப்பைக் குறைக்கலாம், அகற்றாது. புகைபோக்கிகள் குறைந்த நம் நாட்டவர் இதிலே விரைந்து ஆறுதல் கொள்வதும் எனக்கு உடன்பாடன்று.

மன்னார் வங்காலையிலும் வடபுலப் பறவைகள் தங்கிக் கொழுப்புச் சேர்த்துத் திரும்புகின்றன. 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட அச்சரணாலயத்திலே நாம் சட்டத்தால் மறித்திருப்பது வேடனின் கையை மட்டுமே.