பிடித்த பாட்டு

என் பேரனுக்குப் பதினேழு வயது. சென்ற மாதம் ஒரு மாலை, காதில் செருகியிருந்த குமிழ்களில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டி, “தாத்தா, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க, போடறேன்” என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, 1962-ல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் பி. சுசீலா பாடிய ஒரு பாட்டைச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் அது வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு காதால் கேட்டோம். அரை நிமிஷம் ஆகியிருக்கும். அவன் கட்டைவிரல் வேறு எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. “நல்லா இருக்கு தாத்தா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. இரவு படுத்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளை என்ன தவறு செய்தான்? கேட்டான், நல்லா இருக்கு என்றும் சொன்னான். ஒரு மாம்பழத்தைக் கொடுத்து, அவன் பாதி தின்றுவிட்டு வைத்திருந்தால் நான் கோபித்திருப்பேனா? மாம்பழம் கொடுத்தவனுக்கு ஒரு பழம் குறைகிறது. பாட்டைக் கொடுத்தவனுக்கு ஒன்றும் குறைவதில்லை. ஆனால், பழம் கொடுத்தவன் பேசாமல் போய்விடுகிறான்; பாட்டுக் கொடுத்தவனோ எதிரில் உட்கார்ந்து கேட்பவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அன்று பாட்டைக் கேட்காதவர்கள் நாங்கள் இரண்டு பேருமே.

கொஞ்சம் யோசித்தால் காரணம் புரிகிறது. நான் அவனிடம் நீட்டியது சுசீலாவின் பாட்டை அல்ல. அந்தப் பாட்டோடு சேர்ந்து கிடக்கிற என் இருபது வயதை, கும்பகோணத்துச் சந்தை, வாசலில் தெளித்த தண்ணீரின் மண் வாசனையை நீட்டினேன். அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்ததோ பாட்டு மட்டுந்தான். அதற்கு அவன் நியாயமான விலையைச் சொல்லிவிட்டான். நான் வேறொன்றுக்கு விலை எதிர்பார்த்தேன்.

எங்களுக்கெல்லாம் பாட்டு எப்படி வந்தது? யாரும் கொடுத்து வரவில்லை. 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியின் கதவை ஏறக்குறைய அடைத்தே விட்டார். பாட்டு என்ன, கதவைப் பார்த்துத் திரும்பிப் போகிற ஜாதியா? கடலைத் தாண்டிக் கொழும்பிலிருந்து வந்தது. 1957 அக்டோபரில் விவிதபாரதியைத் தொடங்கிய பிறகுதான் நம்முடைய வானொலி தன் நேயர்களைத் திரும்பத் தேடிக்கொண்டது. ஆனாலும் காவிரிக் கரையில் எங்களுக்கு ‘சிலோன் ரேடியோ’தான். 1967-ல் அதற்கு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியதை எங்கள் தெருவில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வால்வு ரேடியோவைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே விளக்குச் சூடேற வேண்டும். அதுவரை எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸுக்குப் பணம் கட்டியவர் வீட்டுக்காரர். கேட்டவர்கள் தெருவில் பாதிப் பேர். நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் ஊர் ஊராகப் பெயர்களை வாசிப்பார்கள். சில நாள் பாட்டைவிடப் பெயர்ப் பட்டியல்தான் நீளமாக இருக்கும். அந்தத் தபால் அட்டைகளை எழுதியவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? பாட்டு மட்டுமென்றால் எப்படியும் ஒரு நாள் வரத்தான் போகிறது. தமக்கு அது பிடிக்கும் என்று முன்பின் தெரியாத நாலு பேருக்குத் தெரிய வேண்டும். வேறெங்கோ ஓர் ஊரில் அதே பாட்டைக் கேட்டு எழுதியவன் பெயர் தம் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும். அவ்வளவுதான். அதில் யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தெருக் கோடியில் தொடங்கிய பாட்டை, வீட்டுக்கு வீடு ரேடியோ மாறினாலும் அறுந்து போகாமல், கடைத்தெரு வரை கேட்டுக்கொண்டே நடந்து போயிருக்கிறேன்.

அது பொற்காலம் என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் மறுநாள் பரீட்சை எழுத வேண்டிய பையன் அந்தத் தெருவில் எங்கே போவான்? ஜுரத்தில் கிடந்தவன் எங்கே போவான்? ஆடி மாதம் வந்தால் தென்னை மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு மைக் செட்டுக்காரர் கொட்டகையில் தூங்கிப்போவார். ஊர் முழுவதும் விடிய விடிய அவருடைய ரசனையை அனுபவிக்க வேண்டும். அதையும் சேர்த்துத்தானே பொற்காலம் என்கிறோம்?

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

1970-ல் ஒரு சின்ன ரிக்கார்ட் பிளேயர் வாங்கினேன். சம்பளத்துக்கு மீறிய செலவு. விசுவநாதன் - ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து இசையமைத்த படங்களின் தட்டுக்களாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். 1965-ல் அவர்கள் பிரிந்ததைச் சொந்த வீட்டுப் பாகப்பிரிவினை போல் துக்கப்பட்டவன் நான். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் பிளேயரை ஜன்னலோரம் வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுவேன். தெருவுக்கு நான் செய்கிற தர்மம் என்று உள்ளூர நினைப்பு. நாள் தவறாமல் அந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பாட்டு உண்டு. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற கணவன், தனக்குப் பிறகு நீ மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அதைக் கேட்ட மனைவி பாடுகிற பாட்டு அது. கண்ணதாசன் எழுதியது.

ஒரு நாள் எதிர் வீட்டுப் பையன் வந்து வாசலில் நின்றான். பத்து வயது இருக்கும். “மாமா, அந்த ஒரு பாட்டை மட்டும் போட வேண்டாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க” என்றான். சரி என்று அனுப்பிவிட்டேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. என் வீடு, என் தட்டு, என் ஜன்னல். சுசீலாவின் பாட்டை வேண்டாம் என்று சொல்லவும் ஒரு மனுஷி உண்டா? மறுநாள் அதே பாட்டைத்தான் முதலில் போட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

சித்திரை வெயில் இன்னும் தணியாத நேரம். எதிர் வீட்டில் அந்த அம்மாள் வந்து ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கோபமாகச் சாத்தவில்லை. மழை வந்தால் சாத்துவார்களே, அப்படிச் சாத்தினார்.

அப்போதுதான் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, “அவங்க வீட்டுக்காரர் மூணு மாசம் ஆஸ்பத்திரியிலே கிடந்துதான் போனார். உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். எதிர் வீட்டில் சாவு என்பது தெரியும். நானும் போய்த் துக்கம் விசாரித்தவன்தான். பாட்டையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டு நாள்தோறும் கண் கலங்கியவன் நான். அதில் வருகிற துக்கம் எதிர் வீட்டில் அசலாக இருந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை. நல்ல இசை மனிதனை இளக்கும் என்கிறார்கள். என்னை அது என் விஷயத்தில் மட்டுந்தான் இளக்கியிருந்தது.

தட்டை எடுத்து உறையில் போட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. என்னவென்று கேட்பது? அவர்கள் 1974-ல் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற வரையில் அதை மறுபடி எடுக்கவில்லை. அந்த அம்மாள் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்திருக்க வேண்டும் என்று நான் விரும்பியதுண்டு. அதுவும் ஒரு விதமான கூலி கேட்பதுதான்.

இப்படியானால் பாட்டை ஒருவருக்கொருவர் கொடுக்கவே கூடாதா? என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அப்படித்தான் சொல்கிறார். காதுக் குமிழ் வந்ததுதான் நாகரிகம், அவனவன் பாட்டு அவனவன் காதில் என்பது அவர் கட்சி. எனக்கு அது முழுவதும் சம்மதமில்லை. கேட்காமலே காதில் விழுந்த பாட்டு இல்லையென்றால் நான் கேட்டிருக்கக்கூடிய பாட்டுக்கள் எத்தனை? 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, விசுவநாதனுக்குப் பிறகு என்ன இசை என்று பேசிக்கொண்டிருந்தவன் நான். மாடி போர்ஷனில் குடியிருந்த பாங்கு குமாஸ்தா ஓயாமல் அந்தத் தட்டைப் போடுவார். மாடி ஏறிப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் வாதாடவில்லை. “மன்னிக்கணும் சார்” என்று சத்தத்தைக் குறைத்துவிட்டார். ஆனால் நிறுத்தவில்லை. குறைந்த சத்தத்தில் ஜானகியின் குரல் கூரை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. சில வாரங்கள் கழித்து, ஒரு நாள் அது வரவில்லை. அவர் ஊருக்குப் போயிருந்தார். அன்று ராத்திரி எனக்கு என்னவோ குறைந்தது போல் இருந்தது. அப்படித்தான் இளையராஜா என் வீட்டுக்குள் வந்தார். நான் அழைத்து வரவில்லை.

அந்தக் குமாஸ்தா செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். சத்தத்தின் அளவு மட்டுமில்லை. அவர் தமக்காகப் போட்டுக்கொண்டார். என் முகம் எப்படி மாறுகிறது என்று மாடியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று ஒருவன் வந்து சொன்னதும், அதைத் தம் பாட்டுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் காலத்தில் பாட்டு என்றால், வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் பாடகரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒருவர் தவறினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். ஆகவே அது மட்டம், இது உசத்தி என்று பேரனிடம் ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். பேசினால் அவன் கேட்டுக்கொள்ளவும் செய்வான், நல்ல பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாட்டை ஆயுசுக்கும் தொட மாட்டான்.

பழைய தட்டு இப்போது இல்லை. கீறல் விழுந்து எப்போதோ போய்விட்டது. பேரனே என் கைப்பேசியில் பாட்டை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். சாயங்காலத்தில் என் அறையில் மெல்லப் போட்டுக்கொள்கிறேன். கதவைச் சாத்துவதில்லை, அகலத் திறந்து வைப்பதும் இல்லை. நேற்றுப் போட்டபோது அவன் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எழுந்து போகவில்லை என்று நினைக்கிறேன். நான் எட்டிப் பார்க்கவில்லை.