புள்ளி சாட்சியா, தீர்ப்பா?

பல்லேபொல போன்ற ஓர் ஊரிலிருந்து ஒரு பிள்ளை கணிதப் பிரிவில் சித்தியடைந்து பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானால், அது ஊருக்கே பெருநாள். அன்று முதல் அவன் எல்லோருக்கும் 'இஞ்ஜினியர்'. முதலாம் வருடப் பெறுபேற்றில் இரண்டு பாடங்கள் சித்தியில்லை, மற்றவையும் மட்டுமட்டு என்று வரும்போதுதான் சிக்கல். "நான் இதற்குத் தகுதியானவன்தானா?" என்ற கேள்வியை அவன் யாரிடம் கேட்பான்?

இதைச் சோம்பல் என்றோ மனப்பலவீனம் என்றோ தள்ளிவிடலாகாது. இது ஓர் அறக் கேள்வி. பாலத்தின் கணக்குப் பிழைத்தால் அதில் நடப்பவன்தான் விழுவான். 1945 முதல் நாட்டில் உள்ள இலவசக் கல்வியில் அவன் இருக்கும் இடமும் பொதுப்பணத்தில் ஆனது. இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது. இவற்றை எண்ணிச் சந்தேகப்படுகிறவனிடம் பொறுப்புணர்வு இருக்கிறது.

ஆனால் சந்தேகம் நேர்மையானது என்பதால் முடிவும் சரியாகிவிடாது. பீடத்தில் இருப்போரில் அனேகர் தத்தம் பாடசாலையில் முன்னணியில் நின்றவர்கள். அவர்களை ஒரே வகுப்பில் நிறுத்தினால் பாதிப்பேர் பின்பாதியில் இருந்தே ஆகவேண்டும். அதுவரை தமிழில் படித்த கணிதத்தையும் பௌதிகத்தையும் அவர்கள் திடீரென ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். "மாவட்டக் கோட்டாவில் வந்தவன்" என்ற முணுமுணுப்பு வேறு. அனுமதியில் கோட்டா உண்டு; உள்ளே நடக்கும் பரீட்சையில் கோட்டா இல்லை. அங்கே பெறும் சித்தி முழுக்க அவனுடையது.

ஆகவே குறைந்த புள்ளி ஒரு சாட்சி மட்டுமே. "இன்னும் விளங்கவில்லை" என்று அது சொல்லலாம். "இனி விளங்காது" என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூலை நாற்பது தடவை படித்தும் விளங்கவில்லை என்று இப்னு ஸீனா தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு மூன்று திர்ஹமுக்கு வாங்கிய அல்ஃபாராபியின் சிறு நூல்தான் அவருக்கு வழிதிறந்தது. குறை அறிவில் இருக்கவில்லை.

அப்துல் கலாமின் வாழ்வில் இருபக்கப் பாடமும் உண்டு. சென்னை குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவரது விமான வடிவமைப்பைப் பேராசிரியர் ஏற்கவில்லை. மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் செய்து முடித்தார். பின்னர் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தார். அந்தக் கதவு மூடியதும் விமானியாகும் கனவை விட்டு வேறு வழியில் போனார். ஓரிடத்தில் நின்று போராடினார், மற்றோரிடத்தில் விலகினார். இரண்டிலும் இழிவில்லை.

எனவே விலகுமுன் ஒருமுறையாவது நியாயமான முயற்சி வேண்டும். விடுபட்ட அத்திவாரக் கணிதத்தையும் மொழியையும் சரிசெய்து, விளங்காததை விரிவுரையாளரிடமும் மூத்த மாணவரிடமும் வெட்கமின்றிக் கேட்டு, மீண்டும் எழுத வேண்டும். அதன் பின்னும் முடியவில்லை என்றாலோ, முடிந்தும் மனம் அதில் ஒட்டவில்லை என்றாலோ, விலகுவது தோல்வியல்ல. தனக்கும் பிறருக்கும் செய்யும் நீதி.

அந்த முடிவை அவன் சுயமாக எடுக்க நாம் இடம் வைத்திருக்கிறோமா? பட்டம் பெறுமுன்பே பட்டப்பெயர் சூட்டிவிட்ட ஊரில், "எனக்கு இது சரிவரவில்லை வாப்பா" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அவன் அதைச் சொல்ல வரும்போது, "அடுத்த வீட்டுக்கு என்ன சொல்வது?" என்பது நம் வாயிலிருந்து வரும் முதற்கேள்வியாக இருக்கக் கூடாது.