வல்லாரையும் வாய்க்கால் நீரும்



மழைக்காலத்தில் அம்பர்நாத் வழியோரங்களில் வல்லாரை படரும். அதைப் பறித்து வந்த சிறுவன் ஒருவனை, "சாக்கடைக் கீரை, எறி" என்று அவன் பாட்டியார் கடிந்தார். "சாக்கடையோரம் வாழும் நாமும் அப்படித்தானா, ஆயா?" என்றான் அவன். இவ்வினாவுக்கு நாம் விடை கூறியாக வேண்டும்.

தட்சசீலத்தில் ஏழாண்டு மருத்துவம் கற்ற ஜீவகரிடம், மருந்துக்கு உதவாத செடியொன்றைத் தேடிக் கொணருமாறு ஆசான் பணித்தார். நகரைச் சுற்றி ஒரு யோசனை தூரம் தேடியும் ஜீவகர் வெறுங்கையராய்த் திரும்பினார். பகவான் புத்தருக்கு மருந்தளித்தவர் அவரே.

மனிதருள்ளும் உதவாத பிறப்பில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் தம்மம் ஏற்றது இவ்வுண்மையை நிலைநாட்டவே.

எனினும் பாட்டியார் சொல்லிலும் நியாயம் உண்டு. தான் நிற்கும் நீரிலுள்ள ஈயம் போன்ற நஞ்சை வல்லாரை உறிஞ்சும். ஆலைக்கழிவு ஓடுமிடத்தில் பறித்தது உண்ணத் தகாது. ஆனால் நஞ்சு செடியின் குலத்தில் இல்லை. பாய்ந்த நீரில் உள்ளது. இலங்கைப் பௌத்தர் கஞ்சியிலும் சம்பலிலும் சேர்க்கும் கீரை இதுவே அன்றோ? வேருள்ள கணுவொன்றை நல்ல மண்ணில் நட்டால், கணுதோறும் வேரூன்றிப் புதுத்தளிர் தரும்.

பிள்ளைகளும் அவ்வாறே. குடியும் வசைமொழியும் வீட்டில் ஓட விட்டுப் பிள்ளை கெட்டான் என்பது பேதைமை. தெருவின் நீருக்காக ஒன்றுகூடிக் கேட்போம்; வீட்டின் நீருக்கு நாமே பொறுப்பு. பஞ்சசீலமே அந்நன்னீர்.

அச்சிறுவனுக்கு விடை இதுவே: "இல்லையப்பா. உன்னிடம் குறையில்லை, நீரை மாற்றுவது எங்கள் கடமை."

எல்லா உயிர்களும் நலம் பெறுக!