நெஞ்சில் தைத்த முள்

அருகன் திருவடிகளைப் பணிந்து, உயிர்த்தோழனுக்கு இழைத்த துரோகத்தைப் பற்றியும், அதிலிருந்து மீளும் நெறியைப் பற்றியும் இவ்விதழில் சிந்திப்போம்.

பகைவனுக்குச் செய்த தீங்கை மனிதன் எளிதில் மறந்துவிடுகிறான். முன்பின் அறியாதவனுக்குச் செய்த பிழையையும் காலம் மூடி மறைக்கிறது. ஆனால் ஒரே தெருவில் ஓடி விளையாடி, ஒரே திண்ணையில் அமர்ந்து கற்று, நம்மை ஐயமின்றி நம்பிய ஒருவனை வஞ்சித்தால் அந்நினைவு உறங்குவதில்லை. அவன் பெயரை யாரேனும் சொன்னால் பேச்சை மாற்றுகிறோம். அவன் வரும் திருமணத்திற்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடுகிறோம். இந்த வேதனையே பாவத்தைக் கழுவிவிடும் என்றும் நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொள்கிறோம். அது உண்மையா என்பதே இன்று நம்முன் உள்ள வினா.

நட்பின் பெருமையைக் காணக் கொங்கு நாட்டிற்கே செல்லலாம். பெருங்கதை பாடிய கொங்குவேளிர் விசயமங்கலத்தைச் சார்ந்தவர் என்பது மரபு. ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்கு அருகில் உள்ள அவ்வூரில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் விளங்குகிறது. முதலும் இறுதியும் கிடைக்காத அந்தக் காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்டார். அதில் வரும் யூகி உதயண மன்னனின் தோழன். உதயணன் உஞ்சை நகரில் சிறைப்பட்டபோது யூகி தான் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பினான். பித்தன் வேடம் பூண்டு பகைவன் நகருக்குள் புகுந்தான். தன் பெயரையும் பெருமையையும் உயிரையும் நண்பனுக்காகப் பணயம் வைத்தான். இத்தகைய ஒருவன் நம் வாழ்விலும் இருந்திருப்பான். அவனுக்கு நாம் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துரோகம் என்றவுடன் கத்தியும் நஞ்சுமே நினைவுக்கு வருகின்றன. நம் ஆசாரியர்களோ அதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். தவறான வழியை உபதேசித்தல், மறைவில் நடந்ததை வெளியிடுதல், பொய்யாவணம் எழுதுதல், நம்பி வைத்த பொருளை மறுத்து எடுத்துக்கொள்ளுதல், முகக்குறிப்பால் அறிந்த இரகசியத்தைப் பிறரிடம் சொல்லுதல் ஆகியவை அவை. இவ்வைந்தையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்நியன் இவற்றைச் செய்தல் அரிது. நம் மறைவை அறிந்தவனும், நம் பொருளைக் காப்பவனும், நம் முகக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவனும் நண்பனே அல்லவா?

கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களில் பணியும் வணிகமும் செய்துவரும் நம் குடும்பங்களுக்கு இது நன்கு விளங்கும். பள்ளித் தோழர் இருவர் கூட்டாகத் தொழில் தொடங்குவர். ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவர் ஒரு சொல்லும் கேளாமல் ஜாமீன் கையெழுத்து இடுவார். கணக்குப் புத்தகம் ஒருவர் கையில் இருக்கும். மற்றவர் அதைத் திறந்தும் பாரார். அந்தக் கையெழுத்தையும் கணக்கையும் தவறாகப் பயன்படுத்துவதே நம் காலத்துக் கூடலேகமும் நியாசாபகாரமும் ஆகும்.

செய்த வஞ்சனையை மறைத்தால் என்னவாகும் என்பதை மேருமந்தர புராணம் காட்டுகிறது. சிங்கபுரத்து அமைச்சன் ஸ்ரீபூதி வாய்மையே உருவானவன் என்று பெயர் பெற்று, சத்தியகோடன் என்று அழைக்கப்பட்டான். பத்திரமித்திரன் என்னும் வணிகன் அவனை நம்பித் தன் இரத்தினங்களை ஒப்படைத்தான். திரும்பிக் கேட்டபோது, 'உன்னை யார் என்றே அறியேன்' என்றான் அமைச்சன். ஏமாந்த வணிகன் அரண்மனைக்கு அருகில் இருந்த மரத்தின் மீது ஏறி நாள்தோறும் முறையிட்டான். ஊரார் அவனைப் பித்தன் என்றனர். இறுதியில் இராமதத்தை என்னும் அரசி அமைச்சனுடன் சூதாடி, அவனுடைய மோதிரத்தையும் பூணூலையும் வென்றாள். அவற்றை அடையாளமாகக் காட்டி, அவன் வீட்டிலிருந்தே இரத்தினங்களை வரவழைத்தாள். அரசன் அவற்றை வேறு மணிகளோடு கலந்து வைத்தபோது, பத்திரமித்திரன் தனக்கு உரியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டான்.

சத்தியகோடனுக்கு மனம் திருந்தக் காலம் இல்லாமல் இல்லை. வணிகனின் கூக்குரல் ஒவ்வொரு நாளும் அவன் செவியில் விழுந்தது. ஆயினும் தன் நற்பெயரே அவனுக்குத் தடையாயிற்று. 'இத்தனை நாள் மறுத்துவிட்டு இன்று எப்படி ஒப்புக்கொள்வது?' என்னும் எண்ணம்தான் பெரும்பாலோரைக் கெடுக்கிறது. தண்டனை பெற்று மாண்ட அவன், பொருளாசையால் அரசனின் கருவூலத்திலேயே பாம்பாகப் பிறந்தான் என்று புராணம் கூறுகிறது.

இதனினும் ஆழமானது கமடனின் வரலாறு. கமடனும் மருபூதியும் உடன் பிறந்து உடன் வளர்ந்தவர்கள். மருபூதி ஊரில் இல்லாத வேளையில் கமடன் அவன் இல்லறத்திற்கே துரோகம் செய்தான். அரசன் அவனை இழிவுபடுத்தி நாட்டை விட்டு நீக்கினான். காட்டில் கல்லைக் கையில் ஏந்தித் தவம் செய்துகொண்டிருந்த அவனைத் தேடி மருபூதி சென்றான். தவறு செய்தவன் கமடன். ஆனால் பணிந்து மன்னிப்புக் கேட்டவன் மருபூதி! கமடனோ கையில் ஏந்திய கல்லைத் தன்னை வணங்கிய தம்பியின் மேலேயே எறிந்து கொன்றான்.

ஏன் கொன்றான்? மருபூதி அவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரைக் காணும்போது நம் குற்றம் நம் கண்முன் நிற்கிறது. குற்றத்தை வெறுக்க மனமில்லாதவன், அதை நினைவூட்டுபவரை வெறுக்கத் தொடங்குகிறான். 'அவனும் ஒன்றும் யோக்கியன் இல்லை' என்று சொல்லத் தொடங்கும்போது நம் கையிலும் கமடனின் கல் ஏறிவிட்டது என்று அறிய வேண்டும்.

அந்தப் பகை பல பிறவிகளில் தொடர்ந்தது. மருபூதியின் உயிர் படிப்படியாக உயர்ந்து பார்சுவநாத தீர்த்தங்கரராகத் தோன்றியது. கமடனின் உயிர் சம்பரன் என்னும் தேவனாகி, தியானத்தில் நின்ற பகவான் மீது மழையையும் கல்லையும் பொழிந்தது. தரணேந்திரனும் பத்மாவதியும் வந்து காத்தனர். பகவான் காத்தவரிடம் விருப்போ, தாக்கியவனிடம் வெறுப்போ கொள்ளாமல் நின்று கேவலஞானம் எய்தினார். அது கண்ட சம்பரன் சினம் அடங்கி வணங்கி நற்காட்சி பெற்றான். இத்தனை பிறவிகள் பகை சுமந்த உயிருக்கும் கதவு அடைபடவில்லை என்பதே இதில் நாம் கொள்ளத்தக்க ஆறுதல்.

கொங்கு நாட்டில் இதனை நினைவூட்டும் இடம் ஒன்று உண்டு. பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலை முற்காலத்தில் அயிரை எனப்பட்டது. வரகுண பாண்டியன் காலத்தில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர் அங்கிருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் உணவிற்கும் 505 காணம் பொன் அளித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அங்கு பார்சுவநாதரை வணங்குவோர் அவரைத் துன்புறுத்தி, பின் அவராலேயே திருந்திய உயிரையும் எண்ண வேண்டும்.

இனி முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். மன உறுத்தல் மட்டும் வினையைக் கழுவாது. மாயை, மித்தியை, நிதானம் என்னும் மூன்றையும் நம் ஆகமங்கள் சல்லியம் என்கின்றன. சல்லியம் என்றால் முள். முள் நீங்கியவனே விரதி. முள் தைத்த கால் வலிக்கிறது. வலி முள் இருப்பதைத் தெரிவிக்கிறதே தவிர அதை எடுப்பதில்லை. எத்தனை ஆண்டுகள் வலியைப் பொறுத்தாலும் முள் உள்ளேதான் இருக்கும்.

அதை எடுக்கும் முறையே பிராயச்சித்தம். அதன் ஒன்பது வகைகளுள் முதலாவது ஆலோசனை, அதாவது குருவின் முன் குற்றத்தை ஒளிக்காமல் உரைத்தல். இரண்டாவது பிரதிக்கிரமணம், அதாவது செய்தது வீணாகுக என வருந்தி அந்நெறியினின்று திரும்புதல். இல்லறத்தார் அறிந்த பெரியவரிடமோ முனிவரிடமோ உள்ளதை உள்ளபடி சொல்லித் தொடங்கலாம். ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. தோழனிடமே செல்ல வேண்டும். 'சூழ்நிலை அப்படி' என்ற முன்னுரை வேண்டா. எடுத்தது பொருளானால் அதைத் திருப்பித் தர வேண்டும். கெடுத்தது பெயரானால், எவர் முன்னிலையில் பழித்தோமோ அவர் முன்னிலையிலேயே உண்மையைக் கூற வேண்டும். ஆலயத்திற்கு விளக்கும் மண்டபமும் அளிப்பது நல்லறமே; ஆயினும் தோழனுக்குப் பட்ட கடன் அதனால் தீராது.

அவன் மன்னிக்க மறுத்தால்? மன்னிப்பு அவனுடைய உரிமை. கேட்பது நம் கடமை. அவன் வாயிலை அடைத்தாலும் நாம் திருப்பித் தர வேண்டியது குறைவதில்லை. அவன் மறைந்துவிட்டால்? அவன் மனைவி மக்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உரியதை அவர்களிடம் சேர்ப்பதும், அவர்கள் துன்பத்தில் துணைநிற்பதும் நம் பொறுப்பு.

வஞ்சிக்கப்பட்டவருக்கும் ஒரு சொல். பத்து அறங்களுள் உத்தம க்ஷமையே முதலில் நிற்கிறது. மீண்டும் சாவியை அவன் கையில் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. வெறுப்பை நம் உயிரோடு கட்டிக்கொண்டு அடுத்த பிறவிக்குச் சுமக்காதிருப்பதே அதன் பொருள்.

மீண்டும் விசயமங்கலத்தை நினைவோம். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை அமைத்த சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை வடக்கிருந்து உயிர்நீத்ததற்கான நிசிதிகை அவ்வாலயத்தில் உள்ளது. சல்லேகனை ஏற்பவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கியுள்ளார். அன்பையும் பகையையும் விட்டு, சுற்றத்தாரையும் ஏவலரையும் மன்னித்து, இன்சொல்லால் தாமும் மன்னிப்பு வேண்டி, செய்தும் செய்வித்தும் உடன்பட்டும் வந்த பாவம் அனைத்தையும் வஞ்சமின்றி வெளியிட வேண்டும் என்பது அவர் கூறும் நெறி. உணவைத் துறப்பதற்கு முன் வஞ்சத்தைத் துறக்க வேண்டும் என்பதை உணர்க.

இறுதி நாள் எப்பொழுது வரும் என்று அறிந்தவர் நம்மில் எவரும் இலர். எனவே அதுவரை காத்திராமல், இவ்வாண்டு தசலட்சண நோன்பு நிறைவதற்குள், நாம் தவிர்த்துவரும் அந்த ஒரு வீட்டுக்குச் செல்வோமாக. பழைய நட்பு திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ, முள் நீங்கிய நெஞ்சில்தான் அறம் கால் ஊன்றும்.

வாழ்க ஜினதருமம்!