ஒரு துணி, பல கட்டு

எங்கள் குயிலாப்பாளையத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம், புதுச்சேரிக்கு. அங்கே 1908 முதல் 1918 வரை இருந்த பாரதியை முண்டாசு இல்லாமல் நினைத்துப் பார்க்க நமக்கு வராது. சீக்கியரின் குரு கோவிந்தரைப் பற்றி நீண்ட பாட்டு எழுதியவரும் அவர்தான். 1699-இல் ஆனந்தபூரில் கால்சா என்னும் சீக்கியச் சமூகம் பிறந்த கதை அது.

அந்த நாள் தலைப்பாகைக்குத் தந்த கனத்தைத் தமிழ்நாட்டு ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியபடி சிலர் சில தெருக்களைக் கடந்த காலம் நம் தாத்தாக்களுக்குத் தெரியும். கோயில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று ஊரே இரண்டுபட்டு நீதிமன்றம் ஏறுவதும் நமக்குப் புதிதல்ல. மொகலாயர் காலத்து வடக்கிலும் தலைப்பாகை மேட்டுக்குடியின் மரியாதை. குரு கோவிந்தர் அதை எல்லோர் தலைக்கும் உரியதாக்கினார். அன்று குருவின் அழைப்பை ஏற்று முன்வந்த ஐவரில் ஒருவர் நாவிதர் குலம். தெற்கே பீதரிலிருந்து போனவர் என்பது சீக்கிய மரபு. இன்னொருவர் தண்ணீர் சுமக்கும் குலம்.

இப்படிச் சமமாகக் கிடைத்த துணியை எப்படிக் கட்டுவது என்பதில்தான் எத்தனை வழக்கு! சீக்கியரில் நிகாங்குப் பிரிவினர் உயரமாக துமாலா கட்டி, அதன்மேல் இரும்புச் சக்கரங்களை மாட்டுவார்கள். நாம்தாரிப் பிரிவினர் வெள்ளைத் துணியை நெற்றியில் நேர்கோடாக வைப்பார்கள். பாட்டியாலாக் கட்டு வேறு, கென்யாவுக்குக் குடிபோனவர்களின் கட்டு வேறு. பையன்களுக்குப் பட்கா என்னும் சிறு தலைத்துணி. நெற்றியில் கூர்முனை தெரியும் கட்டை ஆங்கிலேயர் பட்டாளம் பழக்கிவிட்டது என்று துமாலாக்காரர் சிலர் குறை சொல்வதுண்டு. அகண்ட கீர்த்தனி ஜத்தா என்ற அமைப்பினர், பெண்களும் கேஸ்கி என்னும் சிறு தலைப்பாகை கட்டியே ஆக வேண்டும் என்பார்கள்.

1945-இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடைமுறை நூல் இத்தனைக்கும் இடையில் நிதானமாக நிற்கிறது. ஆணுக்குத் தலைப்பாகை கட்டாயம், பெண்ணுக்கு அவள் விருப்பம். வடிவத்தையும் நிறத்தையும் அது விதிக்கவில்லை.

ஆனால் தைத்து வைத்த தலைப்பாகையைத் தொப்பிபோல் மாட்டிக் கழற்றுவதைப் பெரியவர்கள் ஒப்புவதில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. ஐந்தாறு மீட்டர் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்து, தினமும் புதிதாகச் சுற்றி, இரவில் சுற்றுச் சுற்றாக அவிழ்ப்பதில்தான் ஒழுக்கம் இருக்கிறது. அவசர வேலைக்காரருக்கு இது பாரம்தான். பாரமில்லாத விரதம் எங்கே இருக்கிறது? அந்த உழைப்பைச் செய்தவனிடம் போய் உன் மடிப்பு சரியில்லை, நீ அரைச் சீக்கியன் என்று சொல்வது அகந்தை.

வெளியாருக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க் தாக்குதலுக்குப் பழிவாங்கக் கிளம்பியவன் பார்த்தது தலைப்பாகையையும் தாடியையும் மட்டுமே.

நம் பங்குக்கு நாமும் சர்தார்ஜி ஜோக்குகளைக் கைப்பேசியில் சுற்றவிடுகிறோம். ஆரோவில் சாலையில் தலைப்பாகையோடு பைக்கில் போகும் சீக்கியரைக் கண்டால், இவருக்கு மட்டும் ஹெல்மெட் வேண்டாமா என்று முணுமுணுக்கிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அவருக்கு விலக்கு தந்திருக்கிறது. எந்தக் கட்டு என்று அது கேட்கவில்லை. நாமும் கேட்காமல் வழிவிடுவோம். அந்த ஜோக்குகளையும் இன்றோடு நிறுத்துவோம்.